நோயுடன் வாழும் பெண்ணும் பிள்ளைப்பேறும்

(எருக்கலம்பிட்டியில் எம் சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு. மலருக்காக எழுத்தில் தரப்படுகின்றது.)



இந்து வாலிபர் சங்கத்தார் முஸ்லிம் ஊராகிய எருக்கலம்பிட்டிக்குச் சென்று பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசுவதா என்று, புறப்படும்போதே எம்மில் சிலர் தயங்கினார்கள். இருதயத்து வால்வுக்குச் சமயம் தெரியாது. சலரோகம் கோயிலுக்குப் போகிறவரையும் பள்ளிவாசலுக்குப் போகிறவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மன்னார்த் தீவிலே வாழும் நாம் எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரி வாங்கிலே இலக்கம் பிடித்துக் காத்திருப்பவர்கள். ஆகையால் வந்தோம்.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். இருதய நோய், சலரோகம், வலிப்பு, சிறுநீரக நோய் போன்ற நாட்பட்ட வருத்தம் ஒன்றோடு வாழும் பெண், தான் கர்ப்பம் தரிக்கலாமா, வேண்டாமா என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? எப்பொழுது தீர்மானிப்பது? எங்கள் வீடுகளிலே கலியாணம் முடிந்து நாலாம் மாதம் மாமியார் கேட்கிறார், மச்சாள் கேட்கிறார், வேலியால் எட்டிப் பார்க்கும் அயலாரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது, "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்பது. அந்தப் பெண்ணின் உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்க ஆளில்லை.

எம்மவர் விவாக வீட்டிலே, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்துவர். பதினாறு பிள்ளைகளாக்கும் என்று நாம் பகிடி பண்ணிச் சிரிப்போம். பெரியோர் எண்ணிச் சொன்ன பதினாறு பேறுகளிலே நன்மக்களும் ஒன்று, நோயின்மையும் ஒன்று. ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றைத் தொலைத்துவிடு என்று அந்த வாழ்த்திலே யாரும் சொல்லவில்லை.

எமக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையை, அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் கூறுகின்றோம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் புத்தளப் பக்கத்து முகாமொன்றிலே பிறந்தவர். ஒரே கொட்டிலில் எட்டுப் பேர் படுத்தெழும்பிய காலம் அது. எட்டு ஒன்பது வயதிலே தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. இரண்டு மூன்று கிழமை கழித்து முழங்கால் வீங்கிற்று. அது வற்றக் கணுக்கால் வீங்கிற்று. வாதக் காய்ச்சல் என்றார்கள். மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போடவேண்டும் என்று சொல்ல, சில வருடம் ஒழுங்காகப் போட்டார்கள். பதினெட்டு வயதிலே சம்பந்தம் பேசத் தொடங்க ஊசி நின்றது. குமர்ப்பிள்ளை மாதந்தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும் என்பதே காரணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை.

விவாகமாகி மன்னார்த் தீவுக்கு வந்தார். கர்ப்பந் தரித்தார். கிளினிக்கிலே, உமக்கு ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்டபோது, மாமியார் பக்கத்திலே நின்றபடியால், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏழாம் மாதத்திலே கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. இரவில் மல்லாந்து படுக்க இயலாமல் இரண்டு தலையணை வைத்தார். பிறகு சுவரோடு சாய்ந்திருந்தே உறங்கினார். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்குவது வழக்கந்தானே என்றார் மாமியார். அவர்மீது குற்றஞ் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. உண்மையை அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருநாள் விடியப்புறம் நுரை நுரையாகச் சளி வந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிச் சென்றது. பிள்ளை நாட்செல்லுமுன் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இதற்குமேலும் அந்தக் கதை உண்டு. அதைப் பின்னர் சொல்கின்றோம்.

அந்த உடம்புக்குள்ளே நடந்தது என்ன? கர்ப்பிணியின் சரீரத்திலே ஓடும் இரத்தத்தின் அளவு, முன் இருந்ததைவிட 40 முதல் 50 வீதம் வரை கூடுகின்றது. ஏழாம் எட்டாம் மாதமளவில் அது உச்சத்துக்கு வரும். ஒவ்வொரு நிமிடமும் இருதயம் இறைத்துத் தள்ளவேண்டிய இரத்தமும் அவ்வாறே கூடும். சுகமான இருதயம் இதைச் சமாளித்துவிடும். வாதக் காய்ச்சலோ இருதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள மைத்திரல் வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடுகின்றது. அந்த வால்வின் வாய் இயல்பாக 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்கும். அது 1.5க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்பர். கட்டுக்கரைக் குளத்துத் துருசு முக்காலும் அடைத்துக் கிடக்கும்போது மாரி வெள்ளம் வந்து சேர்ந்தால் என்னவாகும்? பின்னாலே தேங்கும். இங்கே தேங்குமிடம் நுரையீரல். அந்தப் பெண் மூச்சுக்குத் திணறியது அதனாலேதான். பிள்ளை பிறந்துவிட்டால் கண்டம் கழிந்தது என்று எண்ணுவதும் தவறு. கருப்பை சுருங்கும்போது அங்கே நின்ற இரத்தம் சடுதியாக இருதயத்துக்குத் திரும்புகின்றபடியால், பிரசவத்தை அடுத்த மணித்தியாலங்களும் நாட்களும் மிகவும் அவதானம் வேண்டியவை.

இதைக் கேட்டு, இருதய நோயுள்ள பெண் எவளும் பிள்ளை பெறவே கூடாது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் வைத்தியர்கள் கையாளும் வகுப்புமுறை ஒன்று உண்டு. முதலாம் வகுப்பிலுள்ள சிறு குறைகள் பிரசவத்துக்குப் பெரிய தடையல்ல. நாலாம் வகுப்பிலே வருபவை கடுமையான மைத்திரல் சுருக்கம், நுரையீரல் நாடியிலே அழுத்தம் ஏறிய நோய், மிகவும் தளர்ந்துபோன இருதயம் ஆகியன. இவர்களுக்குக் கர்ப்பம் வேண்டாம் என்பதே வைத்தியர் சொல்லும் புத்தி. நடுவே உள்ளவர்கள்தான் பெருந்தொகையினர். அவர்களுடைய கேள்விக்குச் சோதித்துப் பார்த்தே விடை சொல்லலாம். ஐரோப்பிய இருதய வைத்தியர்களின் சங்கம் 2007 முதல் 2018 வரை 53 நாடுகளிலே இருதய நோயுள்ள பெண்களின் 5,739 கர்ப்பங்களைப் பதிவுசெய்து பார்த்தது. தாய் இறந்தது 0.6 வீதத்தில், அதாவது ஆயிரத்துக்கு ஆறு பேர். இது ஆறுதலான கணக்கு. ஆயினும் எமது இலங்கையிலே 2010களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 30க்கும் 40க்கும் இடைப்பட்ட தாய்மாரே இறந்தார்கள். அதனோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து பதினைந்து மடங்குக்குக் குறையாது. அதுவும், இருதய வைத்தியரின் கண்பார்வையிலே இருந்தவர்களின் கணக்கு. வருத்தத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து உறங்கியவர்கள் அதிலே சேரவில்லை.

இன்னொன்று. வைத்தியர் இன்று "வேண்டாம்" என்றால் என்றைக்கும் வேண்டாம் என்று பொருளாகாது. சுருங்கிய மைத்திரல் வால்வைப் பலருக்குத் தொடையிலுள்ள நாளத்தின் வழியாகப் பலூன் செலுத்தி விரிக்கலாம். அதைச் செய்து, ஆறுதலாகச் சோதித்தபின் கர்ப்பந் தரிப்பதற்கும், அடைபட்ட வால்வோடு தரிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கர்ப்பந் தரித்தபின் வருகிறவருக்கும் அவசரமானால் இதைச் செய்வதுண்டு. ஆனால் அப்பொழுது இரண்டு உயிர்களை ஒரே மேசையிலே கிடத்திச் செய்யவேண்டியிருக்கும்.

வால்வை மாற்றவேண்டிய பெண்பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் ஒரு வார்த்தை. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை குடிக்கவேண்டும். கர்ப்பத்தின் ஆறாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரையிலே அந்தக் குளிசை சிசுவின் எலும்பையும் மூக்கையும் பழுதாக்கக்கூடும். அதை நிறுத்தி வேறு ஊசிக்கு மாற்றினால் வால்விலே இரத்தம் உறையும் பயம் தாய்க்குக் கூடுகின்றது. மிருக இழையத்தாற் செய்த வால்வுக்கு அந்தக் குளிசை பெரும்பாலும் நெடுநாள் வேண்டியதில்லை. ஆனால் இளம் வயதினருக்கு அது பத்துப் பதினைந்து வருடத்திலே தேய்ந்து, மறுபடியும் நெஞ்சைத் திறக்கவேண்டி வரும். இரண்டிலும் நட்டமுண்டு. "திரும்ப ஒப்பரேஷன் இல்லாததைப் போடுங்கோ ஐயா" என்று தகப்பன் கையெழுத்து வைத்துவிடுகிறார். பதினேழு வயதுப் பிள்ளை கட்டிலிலே கிடக்கிறாள். நீ பிற்காலத்தில் பிள்ளை பெற விரும்புவாயா என்று அவளிடம் கேட்பவர் இல்லை. வைத்தியர் கேட்க மறந்தாலும் பெற்றோர் கேட்கவேண்டும். பிள்ளைப்பேற்றின் தீர்மானம் சில பெண்களுக்குக் கலியாணத்துக்குப் பல ஆண்டு முன்னரே வந்துவிடுகின்றது.

சலரோகத்துக்கு வருவோம். சபையிலே அது இல்லாத குடும்பம் ஒன்றாவது இருக்குமோ என்பது சந்தேகம். சிசுவின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகின்றது. எட்டாம் கிழமை அளவிலே இருதயமும் மற்றைய உறுப்புகளும் பெரும்பாலும் உருவெடுத்துவிடும். மாதம் தள்ளிப்போயிற்று என்று பெண் சந்தேகித்து, கணவனுக்குச் சொல்லி, கிளினிக்குக்கு வந்து சேரும்போது பாதிக் கட்டடம் எழும்பிவிட்டது. அந்த நாட்களில் இரத்தத்திலே சீனி மிகுந்திருந்தால் பிள்ளைக்கு உறுப்புக் குறைபாடு வரும் ஆபத்து அதிகம். ஆகையாற்றான் எச்.பி.ஏ.1.சி என்னும் பரிசோதனையால் முந்திய இரண்டு மூன்று மாதச் சீனியைக் கணக்கிட்டு, அதை 6.5 வீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள். 10 வீதத்துக்கு மேலிருந்தால், குறையும்வரை கர்ப்பந் தரிக்கவே வேண்டாம் என்பது பிரித்தானிய வைத்திய வழிகாட்டியின் கண்டிப்பான புத்தி. எமக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் பதினாலு வயது முதல் இன்சுலின் போடுபவர். கலியாணத்தன்று அவருடைய அளவு 11. பதினாலு மாதம் பொறுத்தார், கணவரும் பொறுத்தார். மாமியார் வீட்டில் நடந்த கதைகளை இங்கே சொல்லப்போனால் பொழுது போதாது. இன்று அவருடைய மகன் பாலர் வகுப்பிலே படிக்கிறான்.

வலிப்புக்குக் குடிக்கும் வல்புரோயேற் என்ற மருந்து மிகவும் எச்சரிக்கைக்குரியது. கர்ப்ப காலத்தில் அதை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேரளவிலே பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேரளவிலே பேச்சு, அறிவு வளர்ச்சிக் குறையும் காணப்பட்டன. வேறு மருந்துக்கு மாற்ற வழியுண்டு. மாற்றுவதற்கு மாதங்கள் செல்லும். லூபஸ் என்னும் நோயுள்ளவர்கள், நோய் அடங்கி ஆறு மாதமாவது சென்றபின் கர்ப்பந் தரிப்பது நல்லது என்பர். பிறசர் குளிசைகளிலும் சில சிசுவுக்கு ஆகாதவை. அவற்றையும் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம்.

இதிலே ஒரு பெரும் பிழை எங்களிடையே நடக்கிறது. மாதம் தள்ளியதும், மருந்து பிள்ளைக்குக் கூடாது என்று பயந்து, எல்லாக் குளிசையையும் பெண்ணே நிறுத்திவிடுவாள். வலிப்பு மருந்தைச் சடுதியாக விட்டு, அடுப்படியிலோ கிணற்றடியிலோ விழுந்தால் போவது இரண்டு உயிர். எந்த மருந்தையும் வைத்தியரைக் கேட்காமல் விடாதீர்கள். நோன்பைப் பற்றியும் ஒரு சொல். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் நோன்பைப் பிற்போடச் சலுகை உண்டென்பது எம்மிலும் உங்களுக்கே நன்றாகத் தெரியும். சலுகை இருந்தும் வெட்கத்தால் அதைப் பயன்படுத்தாத பெண்களுக்கு ஊர்ப் பெரியோர் வாய்திறந்து சொன்னால் பெரிய உதவி. எங்கள் பக்கத்திலே கந்தசஷ்டி விரதம் பிடித்து மயங்கி விழுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்கின்றோம்.

முன்னரே, முன்னரே என்று ஏன் இத்தனை தரம் சொல்கின்றோம்? இந்த நாட்டிலே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியிருக்கின்றது. அது நல்லதா தீயதா என்ற வாதத்தை இந்தச் சபையிலே எடுக்க நாம் வரவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் நோயுள்ள பெண்ணுக்குத் தீர்மானிக்கக் கிடைக்கும் காலம் கர்ப்பத்துக்கு முந்திய காலம் ஒன்றுதான். அதை நழுவவிட்டால் பிறகு தீர்மானம் அவள் கையில் இல்லை. தீர்மானிக்கும் வரையிலே கர்ப்பம் தங்காதிருக்க வழி வேண்டும். அதிலும் நோயைப் பார்த்தே தெரியவேண்டும்: இரத்தம் உறையும் பயமுள்ளவருக்குச் சாதாரண குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசைகள் பல ஒவ்வா, மேற்கையிலே தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியோ, லூப்போ பொருந்தலாம். அடுத்த வீட்டாள் குடிக்கும் குளிசையை இரவல் வாங்கிக் குடிப்பது வேண்டாம்.

இனி, எருக்கலம்பிட்டிக்கே உரிய ஒரு சங்கடம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியிலே விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இவ்வூரார் வள்ளங்களிலே கற்பிட்டிக்குப் போய் இறங்கினீர்கள். அன்று அயலவராகிய நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கு மேல் சொல்ல எமக்கு நாவில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின் பலர் திரும்பினீர்கள். ஆனால் பல குடும்பங்கள் இன்றும் ஒருகால் இங்கும் ஒருகால் புத்தளத்திலுமாக வாழ்கின்றன. பிள்ளைகளின் படிப்பு அங்கே, கடற்றொழில் இங்கே. இதனாலே நோயுள்ள பெண்ணின் கிளினிக் கொப்பி ஒரு மாவட்டத்திலும், பெண் மறு மாவட்டத்திலும் இருக்க நேர்கிறது. குடும்பநல உத்தியோகத்தராகிய மருத்துவமாது வீடுவீடாக வந்து தம்பதிகளைப் பதியும்போது, இவர் புத்தளத்துப் பதிவு என்று இங்கும், மன்னாருக்குப் போய்விட்டார் என்று அங்கும் விடுபட்டுப்போகிறார்.

அந்த மருத்துவமாதுவின் பதிவை அற்பமாக எண்ணாதீர்கள். 1930களிலே இந்த நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும், அதைத் தொடர்ந்து ஊர்தோறும் வந்த மருத்துவமாதுகளும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், புதிய மருந்துகளுமே அந்தத் தொகையை இறக்கின. இரத்தப்பெருக்காலும் கிருமியாலும் வந்த மரணங்கள் குறைந்த இக்காலத்திலே, தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் இருதய நோய் முன்வரிசைக்கு வந்திருக்கின்றது. இப்பொழுது புதுமணத் தம்பதிகளை அழைத்துச் சோதித்துப் போலிக் அமிலக் குளிசையும் கொடுக்கிறார்கள். அந்த அழைப்புக் கடிதம் வந்தால் புருஷனும் போகவேண்டும். பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டுச் சந்தியிலே நிற்கிற இளைஞர்கள் எம் சங்கத்திலும் இருக்கிறார்கள்; பெயர் சொல்லாமல் விடுகின்றோம்.

எல்லாவற்றிலும் கடினமானது சம்பந்தம் பேசும் இடத்திலே உண்மை சொல்வது. பெண்ணுக்கு வருத்தம் என்று தெரிந்தால் கலியாணம் குழம்பும், சீதனம் ஏறும். இது பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். அவ்வாறு நடக்கத்தான் நடக்கிறது. சொல்லிக் குழம்பிய கலியாணங்களையும் கண்டோம். ஆனாலும் மறைத்து நடந்த கலியாணத்திலே அந்தப் பெண் குளிசையைக் களவாகக் குடிக்கிறாள், ஊசியை விடுகிறாள், கிளினிக்கிலே பொய் சொல்கிறாள். தன் உயிரைப் பற்றிய தீர்மானத்தைத் தன் கணவனோடு கதைக்க அவளுக்கு வழியே இல்லாமற் போகிறது. இளைஞர்களே, நீங்கள் பெண் பார்க்கப் போகும்போது நகையைக் கேளாமல் இதைக் கேளுங்கள், கேட்டறிந்தபின் ஓடிவராதீர்கள். உங்களுக்குச் சீனி இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் வருத்தத்தை யாரும் கேட்பதில்லை என்பது எங்கள் ஊர்களின் பெரிய வேடிக்கை.

வைத்தியர் ஆபத்தின் அளவைச் சொல்லலாம். கணவர் கூட இருக்கலாம். தீர்மானம் அந்தப் பெண்ணுடையது. ஆபத்தை அறிந்தும் ஒருத்தி பெறத் துணிந்தால் அவளை மூடத்தனக்காரி என்று ஏசுவதும், வேண்டாம் என்று நின்றால் மலடி என்று சொல்வதும் ஒரே கொடுமையின் இரண்டு பக்கம். பெறாமலும் பிள்ளை வளர்க்கலாம். 1941ஆம் ஆண்டு முதல் இலங்கையிலே சுவீகாரத்துக்குச் சட்டமுண்டு, உறவினர் பிள்ளையை எடுத்து வளர்ப்பதோ அதற்கும் முன்னிருந்தே நடப்பது. பிள்ளையே இல்லாமலும் புருஷன் பெண்சாதி சந்தோஷமாக வாழலாம் என்பதையும் யாராவது ஒருவர் மேடையிலே சொல்லவேண்டும், நாம் சொல்லிவிட்டோம்.

முன்னே விட்ட கதை: அந்தப் பெண்ணின் வால்வைப் பின்னர் பலூனால் விரித்தார்கள். இரண்டு வருடம் கழித்துச் சோதித்து, மிகவும் அவதானமாக இருந்தால் இன்னொரு பிள்ளை பெறலாம் என்று வைத்தியரே சொன்னார். முதற் பிள்ளை பெண். வீட்டிலே ஆண்பிள்ளைக்கு ஆசை. அவர் யோசித்துச் சொன்னது இதுதான்: "மாமி, இருக்கிற பிள்ளைக்கு உம்மா வேணும்." கணவர் ஒன்றும் பேசாமல், அடுத்த மாத ஊசிக்கு மோட்டார் சைக்கிளிலே தாமே கூட்டிச் சென்றார். மாமியார் அந்தக் கதையை விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய்யாகும். பெருநாளுக்குப் பெருநாள் எடுக்கிறார்.

எம்மோடு வந்த மருத்துவமாது பின்வாங்கிலே இருக்கிறார், படிவங்களும் கொண்டுவந்திருக்கிறார். புத்தளத்துக் கொப்பி உள்ளவர்கள் அதையே கொண்டுவந்து காட்டலாம். கூட்டம் முடிந்ததும் ஆண்கள் முதலில் வெளியே போய் முற்றத்திலே தேநீர் குடித்தால், பெண்கள் அவரோடு இருந்து கதைக்க வசதியாயிருக்கும்.